ஏழு மார்க்

எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே ஒன்றரை முழம் சும்மா விட்டிருக்கும். கோலார் தங்கச் சுரங்கம், எங்கள் வாயில் மைன்ஸ், ஓடிய காலத்தில் கூலிக்காரர்களுக்கு இந்த லைன் வீடுகளைக் கட்டிய வெள்ளைக்காரன் காற்றுக்காக விட்டானோ, செங்கல்லை மிச்சம் பிடித்தானோ, எங்களுக்கு அது காதுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீடு தும்மும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டால் அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்களுக்கு இடது பக்கம் திலீப் வீடு, வலது பக்கம் கிளாரன்ஸ் வீடு. ஆகவே இந்த விஷயத்தில் பாதி தானாக வந்து சேர்ந்தது. மீதியை நாங்களாகப் போய் விசாரித்துக்கொண்டோம்.

திலீப்பும் கிளாரன்ஸும் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கியர் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக செக்கிங் வேலை. வந்து விழும் கியரை எடுத்து, பல் பல்லாக அளந்து, தேறியதை ஒரு தொட்டியிலும் தேறாததை இன்னொரு தொட்டியிலும் போட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே. காலை நாலு மணிக்கு இரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றும். ஐந்தரை ரயிலுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். டிபன் பாக்ஸில் ஒருவருக்கு ராகி ரொட்டி, ஒருவருக்கு எலுமிச்சை சாதம். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சிநேகம்.

மூன்றாவது பெட்டியில் எட்டு பேர் கொண்ட ஒரு செட். முழங்கால் மேல் துண்டை விரித்து ரம்மி ஆடுவார்கள். மாலூர் தாண்டியதும் ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு ரயில் நிற்கும். அப்போது சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாட்டை ஆளுகிற தலைவருக்கு மார்க் போடுவார்கள். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் மனைவி சமையலுக்குக்கூட இவ்வளவு யோசித்து மார்க் போட்டதில்லை.

"திலீப்பு, இன்னிக்கி இன்னா போடறே?"

"எட்டு."

"நேத்துதான் ஓவர்டைம் கட் பண்ணான். அப்பவும் எட்டா?"

"ஓட்டிய அவரா கட் பண்ணாரு? மொதலாளி பண்ணான்."

"அப்போ ரெண்டு மார்க் இன்னாத்துக்கு கொறச்சே? கையோட பத்தாப் போட்டுத் தொலைக்கிறதுதானே."

"மைன்ஸ் தெறக்கலியே. அதுக்கு ரெண்டு."

கிளாரன்ஸ் முறை வரும்போது எல்லாருக்கும் முன்னாலேயே சிரிப்பு வந்துவிடும்.

"சைபர். அதுக்குக் கீழ எதுனா இருந்தா அத்தப் போட்டுக்கோ."

"இன்னாபா டெய்லி சைபரு? பேப்பரப் பிரிச்சிப் பாத்துட்டாவது போடு."

"எங்க வீட்ல எண்ணெ ஊத்தற கரண்டியப் பாத்துட்டேன், அது போதும்."

கிளாரன்ஸ் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷம் எல்லார் வீட்டுக் கரண்டியும் சிறுத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டை கறிக்கடையில் நின்ற கூட்டம் மெல்ல மெல்ல முட்டைக்கடைக்கு நகர்ந்தது. திலீப்பின் மனைவி மமதா வீட்டிலேயே சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பவள். புதுச்சேலை எடுப்பவர் குறைந்ததால் மிஷின் பாதி நாள் மூடியே கிடந்தது. கியர் கம்பெனி வாரத்துக்கு ஆறு நாள் ஓடியது நாலாகி, மூன்றாகியது. தலைவரோ அடிக்கடி டிவியில் வந்து பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமைக்குப் பெயர்போன நாடு இது என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த முகமாக இருக்கும். திலீப் டிவிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து கேட்பான். ஓட்டி போனதும் கரண்டி சிறுத்ததும் அவனுக்குத் தலைவரின் தியாகமாகவே தெரிந்தன.

ஆடி பாதியாகிக் காற்று வலுத்த வாரத்தில் கம்பெனியில் கடிதம் வந்தது. செக்கிங்கில் பாதிப் பேரை வேலையை விட்டு எடுக்கிறார்கள். ஆறு பேருக்கு மட்டும் பூனா பக்கத்து ஃபாக்டரியில் இடம். பத்தாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்குக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆறில் ஒரு பெயர் திலீப். கிளாரன்ஸ் பெயர் இல்லை.

ஆடிக் காற்று என்றால் எங்கள் ஊரில் வெறும் காற்று அல்ல. தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சைனைடு மேட்டு மண் மாவாக எழும்பி வந்து, சோற்றில், தலையணையில், மூக்கில், எல்லாவற்றிலும் இறங்கும். அன்றைக்கு மமதா பானையை மூன்று முறை துடைத்துவிட்டுத்தான் உலை வைத்தாள். துடைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது? நாளைக்கே போட்டுட்டு வாங்க."

"பூனாம்மா அது. பக்கத்துல கீற ஒயிட்ஃபீல்டா?"

"உங்க தாத்தா வேலூர்லேர்ந்து வந்து மண்ணுக்குள்ளயே எறங்கனாரு. நீங்க ரயில் ஏறதுக்கு அழுவறீங்க."

"பாஷ தெரியாத ஊரு. சாப்பாடு..."

"சப்பாத்திதான துன்னுவான்? நீங்களும் துன்னுங்க. இங்க இருந்தா இன்னா துன்றது? இந்த மண்ணயா?"

அவர்கள் மகள் ஸ்வீட்டி, பி.காம். கடைசி வருஷம், கட்டிலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, ஜாப் கைல இருக்கும்போதே ஓகே சொல்லுப்பா, ஆமேல நோடோணா" என்றாள். பெங்களூரு காலேஜ் ஸ்நேகிதிகளிடம் பிடித்த கன்னடம்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

திலீப் அரை மனதாகச் சரி என்றான். நாங்களும் சரி என்றுதான் படுத்தோம். மறுநாள் அவன் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் தலைவர் பேசினார். எங்கோ வடக்கில், லட்சம் பேர் முன்னால், ஒரு மணி நேரம். வேலையில்லை, விலைவாசி என்கிற பேச்செல்லாம் நம்பிக்கை இல்லாதவர்களின் பேச்சு என்றார். பேச்சின் நடுவில், யாரும் எதிர்பார்க்காதபோது, ஒரு வரி. ஸ்வீட்டிதான் இந்தி தெரிந்தவள், அவள் தமிழில் சொன்னாள்: "கோலார் மண்ணுக்கு அடியில் தங்கம் இன்னும் உறங்குகிறது. நாம் அதை எழுப்புவோம். அந்த மண்ணின் பிள்ளைகளே எழுப்புவார்கள்."

திலீப் எழுந்து நின்றுவிட்டான். கட்டில் கிரீச்சிட்டது எங்களுக்குக் கேட்டது.

"நம்ம பேரு! நம்ம பேரச் சொன்னாரு! திருப்பிப் போடு, திருப்பிப் போடு!"

"லைவ் அப்பா, திருப்பிப் போட முடியாது. அது ஒரே ஒரு சென்டென்ஸ்பா. யாரு, எப்போன்னு ஒண்ணும் சொல்லல."

"பிள்ளைங்கன்னாரே. நாங்கதான பிள்ளைங்க?"

அதற்குள் வெளியே பட்டாசு. சுனில் வெடித்தது. சுனில் ஆண்டர்சன்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறவன், ஆளுகிற கட்சிக்கு எங்கள் பகுதி ஆள்; அதற்கு முன்னால் வேறு கட்சிக்கும், அதற்கும் முன்னால் இன்னொன்றுக்கும் ஆளாக இருந்தவன். மறுநாள் காலையிலேயே ஒரு கட்டு ஃபாரத்தோடு லைனுக்கு வந்தான். மைன்ஸ் வேலைக்குப் பெயர் கொடுக்கலாம் என்றான். பெயர், வயது, ஆதார், போன் நம்பர். அவ்வளவுதான் ஃபாரம்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊருக்கே உரிய புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் அப்பா பெயரைவிட அப்பா நம்பர் பெரிது. மைன்ஸில் சேர்ந்த அன்றைக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். கூலி, ஆஸ்பத்திரி, இந்த லைன் வீடு எல்லாம் அந்த நம்பரில்தான். அப்பன் ரிட்டயரானால் மகன் போய் அந்த நம்பரைச் சொல்லித்தான் வேலை கேட்பான். மைன்ஸ் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. செல்போன் நம்பர் மறந்தவர்கள்கூட அப்பா நம்பரைத் தூக்கத்தில் சொல்வார்கள். சுனிலின் ஃபாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை. எங்கள் ஆட்கள்தான் மேலே பேனாவால் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் அப்பா நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் எழுதினோம்.

"இது எதுக்கு?" என்றான் சுனில்.

"இது இல்லாம எப்படி வேல குடுப்பான்?" என்றான் திலீப்.

"சரி, எழுதிக்கோங்க. எது எழுதினா இன்னா."

அந்தப் பதிலில் விஷயம் அத்தனையும் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மாறாக, குறைந்த நம்பர்காரனுக்குத்தான் முதல் சான்ஸ் என்று இரண்டாம் நாளே ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது? நாங்களேதான். திலீப்பின் அப்பாவுக்கு 2216. அவர் நெஞ்சில் பாறைத்தூசி அடைத்துச் செத்து வருஷம் பதினைந்தாகிறது. எங்கள் லைனிலேயே சின்ன நம்பர் அதுதான். திலீப் அன்றிலிருந்து வேலை கிடைத்தவன் நடையே நடந்தான்.

"அந்த பேப்பர்ல சர்க்கார் சீலு கீதா?" என்று மமதா கேட்டாள்.

"கீதே. ஊதா சீலு."

"அது சுனிலு கட சீலு. ரீசார்ஜ், ஸ்க்ரீன் கார்டுன்னு போட்டுக்கீது, படிச்சிப் பாருங்க."

ஐந்தாம் தேதி ரயிலில் மார்க் போடும் நேரம் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சரிபார்த்துத்தான் இதைச் சொல்கிறோம். திலீப் "பத்து" என்றான். பெட்டியே கை தட்டியது. அடுத்து கிளாரன்ஸ். அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், பிறகு, "ஏழு" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாபா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒரு மனுசன் நம்ம ஊரு பேர வாயத் தொறந்து சொல்லிக்கீறான். இத்தினி வருசத்துல எவன் சொன்னான்? இந்த வாட்டி செய்வான்னு தோணுது. ஏழு போட்டுக்கோ."

அன்று சாயங்காலம் திலீப் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஏழைத்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னான்.

"மமதா, கிளாரன்ஸே ஏழு போட்டுட்டான்!"

மிஷின் சத்தம் நின்றது. "கிளாரன்ஸ் அண்ணனா?"

"என் பத்து பெருசில்ல. நான் எப்பவும் போடறவன். அவன் போட்டான் பாரு, அதான். ஜென்மத்துல போடாதவன் போடறான்னா விஷயம் உண்மடி. பூனாவாம் பூனா."

எங்களுக்கும் அந்த ஏழு பிடித்துத்தான் இருந்தது. லைன் முழுக்க நாலைந்து நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். தலைவரே கிளாரன்ஸிடம் பாஸாகிவிட்டார் என்று.

எட்டாம் தேதி ஆண்டர்சன்பேட்டை ஜெராக்ஸ் கடையில் ஈவ்லினைப் பார்த்தோம். கிளாரன்ஸின் மனைவி. புருஷனுடைய ஆதார், பேங்க் புஸ்தகம், இரண்டு போட்டோ எல்லாம் ஜெராக்ஸுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஈவ்லின், எதுக்கு?"

"சும்மாதான்க்கா. பசங்க ஸ்கூல்ல கேட்டாங்க."

பிள்ளைகள் ஸ்கூலுக்கு அப்பன் பேங்க் புஸ்தகம் எதற்கு? அன்று சாயங்காலம் நாங்கள் வலது சுவர் ஓரமாகவே உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். கீரை ஆய்ந்து முடிவதற்குள் வந்துவிட்டது.

"ஆறு பேர்ல யாராச்சும் ஒருத்தர் போடாம உட்டாத்தான் ஏழாவது ஆளு நீங்க. திலீப் அண்ணன் நாளைக்கே போய்ப் போட்டுட்டா?"

"போடமாட்டான்."

"அப்டி இன்னா ஷூரு?"

"நான் ஏழு போட்ருக்கேன்ல."

தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. "சோறு போடட்டா?" என்றாள் ஈவ்லின்.

ஊரில் ஒரு விஷயத்தை ஒரு நாள் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. இதை மட்டும் வைத்திருந்தோம். கிளாரன்ஸுக்கும் இரண்டு பிள்ளைகள், அவனும் எங்கே போவான் என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு. கிளாரன்ஸின் ஏழு பொய் என்றால், நாங்கள் கோடு இழுத்து எழுதிக் கொடுத்த நம்பரும் பொய்யாகிவிடும் அல்லவா. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒன்பதாம் தேதி மமதாவே கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனாள். ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு. கிளாரன்ஸ் அப்போதுதான் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, உங்க கையக் காலா நெனச்சிக்கறேன். ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லுங்க. நாளைக்குக் கடேசி நாளு."

"நான் இன்னாம்மா சொல்றது?"

"கையெழுத்துப் போட்டு வைடான்னு சொல்லுங்க. மைன்ஸ் தெறந்தா அப்ப திரும்பி வந்துக்கலாம், யாரு புடிச்சிக்கினு கீறாங்க? நான் சொன்னா பொம்பள பேச்சு. ஸ்வீட்டி சொன்னா சின்னப் பொண்ணு. நீங்க சொன்னாத்தான்ணா அவருக்கு ஏறும்."

"பெரிய மனுசன்... அவன் இஷ்டம்மா."

"நீங்க ஏழு போட்டீங்களாமே. அத்தப் புடிச்சிக்கினுதான் ஆடறாரு. நெஜமாவே செய்வாருன்னு உங்களுக்குத் தோணுதா?"

ஈவ்லின் அடுப்பு பக்கம் போய்ப் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. தட்டில் கிளாரன்ஸ் சோறு பிசையும் சத்தம். நிறைய நேரம் பிசைந்தான்.

"தோணுதும்மா. இந்த வாட்டி செய்வான்னுதான் எனுக்கும் தோணுது."

மமதா நின்றாள். எங்களுக்கு அவள் முகம் தெரியவில்லை; குரல் தெரிந்தது. கொஞ்சம் லேசாகியிருந்த குரல். "நீங்களே சொல்றீங்கன்னா..." என்று சொல்லிவிட்டு, "கொழம்பு காரம் ஜாஸ்தி, பாத்து ஊத்திக்குங்க" என்று போய்விட்டாள். அந்த லேசான குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

பத்தாம் தேதி திலீப் ரயிலேறவில்லை. அன்றைக்கு ஆபீசர்கள் வருகிறார்கள், பெயர் கொடுத்தவர்கள் நேரில் நிற்க வேண்டும் என்று சுனில் சொல்லியிருந்தான். மைதானத்தில் முந்நூறு பேர். சுனில் யாரையும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் தாங்களாகவே நம்பர் வாரியாக நின்றுகொண்டார்கள். முன்னால் திலீப். இரண்டு பேருக்கு நடுவில் யார் நம்பர் சின்னது என்று சண்டை வந்து, செத்துப்போன அப்பன்களை இழுத்துப் பேசிக்கொண்டார்கள். காற்று அடித்தது அடித்தபடி. மத்தியானத்துக்குள் எல்லார் தலையும் வெள்ளை. மமதா சோறு கொண்டுபோனாள். வரிசை விட்டால் இடம் போய்விடும் என்று நின்றபடியே தின்றான். தின்றதில் பாதி மண்.

"மணி ரெண்டாவுது. இப்ப பஸ் புடிச்சாக்கூட அஞ்சுக்குள்ள போயிடலாம்ங்க."

"மொத ஆளா நிக்கிறேன்டி. என்னப் பாத்து எல்லாரும் நிக்கிறாங்க. நான் போனா நல்லாருக்குமா?"

நாலரை மணிக்கு ஒரு ஜீப் வந்தது. ஆபீசர் அல்ல. கேமராவோடு இரண்டு பேர், ஒரு நீளத் துணி பேனர். கன்னடத்திலும் இந்தியிலும் தலைவருக்குக் கோலார் மக்களின் நன்றி என்று எழுதியிருந்தது. முன்னால் நின்றவனைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். கையை ஆட்டச் சொன்னார்கள். திலீப் ஒரு கையில் பேனரைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினான். முந்நூறு வெள்ளைத் தலைகளும் ஆட்டின. எடுத்து முடித்ததும் பேனரைச் சுருட்டிக்கொண்டு ஜீப் போய்விட்டது.

"ஆபீசர்ங்க?" என்று கேட்டதற்கு, "மேல்மட்டம்பா. நாம இன்னா கேக்க முடியும்? போட்டோ போயிடும் இல்ல, அத்தப் பாத்துட்டு வருவாங்க" என்றான் சுனில். அப்போது மணி ஐந்து பத்து.

இதை ஆட்சி என்று சொல்கிறார்கள். பசித்தவனை வெயிலில் நிறுத்தி, நன்றி என்று அவன் கையாலேயே பிடிக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது. எந்த ஊர் தொழில் இது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆட்டிய கை எங்களுடையதும்தான், அது வேறு விஷயம்.

மறுநாள் கிளாரன்ஸ் வந்து திலீப்பிடம் விஷயத்தைச் சொன்னான். ஒரு இடம் காலியாம், ஆபீஸில் கூப்பிட்டார்களாம், திடீரென்று. திலீப்புக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் அவன் செய்ததுதான் எங்களால் தாங்க முடியாதது. கிளாரன்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சுபா! என் எடம் வெளி ஆளுக்குப் போவல. நம்ம லைனுக்கே கெடச்சிது. நீ போ. நான் மைன்ஸ்ல சேந்தப்புறம் உனக்கும் பாக்கலாம், உங்கப்பா நம்பரு இன்னா?"

கிளாரன்ஸ் நம்பரைச் சொன்னான். வேறென்ன சொல்வான்.

இரும்பு டிரங்குப் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் தோளில் வைத்துக்கொண்டு போனதும் திலீப்தான். வழியனுப்ப ஈவ்லின் பிள்ளைகளோடு பின்னால் நடந்தாள், தலையை நிமிர்த்தாமல். மூன்றாவது பெட்டி செட்டுக்காரர்கள் மாலை போட்டார்கள். ரயில் நகர்ந்தபோது திலீப் கொஞ்ச தூரம் கூடவே ஓடினான்.

அவன் ரயிலேறிய மறுநாள், குழாயடியில் மமதாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்க்கா?"

"எட்டாந்தேதி."

அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு இல்லை. புருஷனிடமும் அவள் அதைச் சொல்லவில்லை என்பது சுவர் மூலமாக எங்களுக்குத் தெரியும்.

ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது. ஆபீசர் வரவில்லை. சுனில் கடையில் அந்த ஃபாரக் கட்டு கல்லாவுக்குக் கீழே கிடந்தது. யாராவது கேட்டால் மேல்மட்டம் என்று விரலை மேலே காட்டினான். திலீப் பங்காருப்பேட்டை மண்டியில் மூட்டை இறக்கினான். பல் பல்லாக அளந்த விரல்கள், கொக்கி பிடித்துப் பழக்கமில்லாமல் தோலுரிந்தன. வாரத்தில் மூன்று நாள் வேலை இருக்கும், மற்ற நாள் டிவி. ஐந்தரை ரயிலில் இப்போது மமதா போகிறாள், ஒரு கார்மென்ட்ஸில் பட்டன் கட்ட. ஸ்வீட்டி சமைக்கிறாள். திலீப் இன்னும் யார் கேட்டாலும் ஒன்பதுக்குக் குறையாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தான். லேட்டாகுது, அதுக்கு ஒரு மார்க் கொறச்சிக்கலாம் என்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலைவர் மறுபடி டிவியில் பேசினார். வேறொரு ஊர், வேறொரு லட்சம் பேர். வடக்கே எங்கோ மூடிக் கிடக்கும் செம்புச் சுரங்கத்து ஊராம். திலீப் வீட்டிலும் ஓடியது, எங்கள் வீட்டிலும் ஓடியது, கிளாரன்ஸ் வீட்டில் ஈவ்லினும் போட்டிருந்தாள். பேச்சின் நடுவில் அந்த வரி வந்தது. இந்த மண்ணுக்கு அடியில் செம்பு இன்னும் உறங்குகிறது. நாம் அதை எழுப்புவோம். இந்த மண்ணின் பிள்ளைகளே எழுப்புவார்கள். லட்சம் பேர் ஓ என்று கத்தினார்கள். தலைவர் அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி கையை உயர்த்தினார்.

ஸ்வீட்டி தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. திலீப்புக்கு அந்த வரி இந்தியிலேயே மனப்பாடம். போனில் வந்த துண்டு வீடியோவை அவன் எத்தனை முறை போட்டுக் கேட்டிருப்பான் என்று எங்களுக்குத் தெரியும்.

டிவியை அணைத்தான். மமதா மறுநாளைக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் அவள் விரல் நகரும் சத்தம் மட்டும். பிறகு போன் அடிக்கும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். இப்போதெல்லாம் மூட்டை இறக்கின கையை மடக்கிக் காதில் போன் வைக்க முடிவதில்லை.

"கிளாரன்ஸு, டிவி பாத்தியா?"

"இல்லப்பா. ஷிப்டு முடிச்சிட்டு இப்பத்தான் ரூமுக்கு வரேன். இன்னா விஷயம்?"

"அதே வார்த்தபா. ஒரு எழுத்து மாத்தல. தங்கத்த எடுத்துட்டு செம்ப வச்சிக்கீறான், அவ்ளோதான். எங்கியோ வடக்கப் போய்ப் படிக்கிறான். எல்லாம் பொய்யிபா. எங்கப்பன் நம்பர எழுதிக் குடுத்தேனே, த்தூ."

"உடுப்பா திலீப்பு..."

"இல்லப்பா, கேளு. நான் ஏமாந்தது பெருசில்ல. நான் டெய்லி எட்டு போடற முட்டாளு, எனக்கு வேணும். நீ ஏமாந்தியே, அதான் எனக்குத் தாங்கல. ஒரு நாளும் சைபர உட்டு ஏறாதவன். நீயே நம்பி ஏழு போட்டியே. உன்னப் போல ஒருத்தன ஏமாத்த அவனுக்கு எப்டி மனசு வந்திச்சி?"

எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது. பூனாவிலா, எங்கள் லைனிலா என்று தெரியவில்லை.

"கேக்குதா?"

"கேக்குதுபா. ஆமாம். ஏமாந்துட்டேன்."

முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இங்க குடுங்க," என்றாள் மமதா. "அண்ணா, நான் மமதா பேசறேன். சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா. இனிமேத்தான்."

"இன்னிக்கி எத்தினி போடறீங்கண்ணா?"

வலது பக்கச் சுவருக்கு அப்பால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஈவ்லின் கை நின்றது. நாங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஜென்மத்தில் முதல் முறையாக, அந்தச் சுவர்கள் கூரை வரைக்கும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"சொல்லுங்கண்ணா. பத்துக்கு எத்தினி?"

"ஏய், அவன இன்னாத்துக்குக் கேக்கற?" என்றான் திலீப். "அவனே நொந்து போய்க்கீறான். குடு இப்டி." போனைப் பிடுங்கிக்கொண்டான். "அவ கெடக்கறா, நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. வேள கெட்ட வேளையில போன் போட்டுட்டேன், தப்புதான். போபா, போய் மொதல்ல சாப்டு."